தவிட்டுக்கு விற்ற பிள்ளையும் எடை அட்டையும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் யோசித்துவிட்டேன். நோட்டு வாங்கி வைத்து, பிள்ளையார் சுழி போட்டு, அப்படியே மூடிச் சோளம் கொட்டி வைக்கிற குலுக்கைக்குப் பின்னால் சொருகியது இரண்டு தடவை. படிப்பு எனக்கு அஞ்சாம் வகுப்போடு சரி. கேட்டவர்களிடம் அதைத்தான் காரணமாகச் சொல்லி வந்தேன். உண்மைக் காரணம் வேறு. இதை எழுதினால் நான் ஒருத்தியைப் பற்றி என் வாயால் என்னவெல்லாம் சொன்னேன் என்பதையும் எழுத வேண்டும். அதற்குத்தான் கை வரவில்லை. போன வெள்ளிக்கிழமை மீனாட்சி சந்நிதியில் நின்று, "தாயே, உள்ளதை உள்ளபடி எழுத வை" என்று கேட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். யார் பேரையும் எழுதப் போவதில்லை. என் பிள்ளை பேரையும்தான்.

எழுமலைப் பக்கம் மானாவாரி ஊர் எங்களுடையது. பருத்தி, சோளம், கொஞ்சம் மிளகாய். மேலத்தெருவில் நாங்கள், சொந்தப் புஞ்சைக் காடு வைத்து விவசாயம் செய்கிற சம்சாரிகள். கீழத்தெருவில் எங்கள் காடுகளில் கூலிக்கு வருகிறவர்கள். இரண்டுக்கும் நடுவில் ஊர்ச் சாவடி.

எனக்கு முதல் பிள்ளை பிறந்த பதினோராம் நாள் போய்விட்டது. இரண்டாவது பெண். சுவரைப் பிடித்து நடக்கிற பருவத்தில் வயிற்றால் போக ஆரம்பித்து மூன்றே நாளில் முடிந்துவிட்டது. வயிற்றால் போகிற பிள்ளைக்குத் தண்ணீர் காட்டக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். நான் காட்டவில்லை. என் கையில் இருந்த சொம்பைப் பார்த்து அது வாயை வாயைத் திறந்தது. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத மாட்டேன்.

மூன்றாவது ஆண் பிள்ளை. பிள்ளை தங்காத வீட்டில் எங்கள் பக்கம் என்ன செய்வார்கள் என்றால், பிறந்ததைத் தவிட்டுக்கு விற்றுவிடுவார்கள். வேறொருத்தி ஒரு படி தவிடு கொடுத்துப் பிள்ளையை வாங்கிக்கொள்வாள். பிள்ளை வளர்வது நம் வீட்டில்தான். ஆனால் பேச்சுக்கு அது அவள் பிள்ளை. நம் வீட்டைச் சுற்றுகிற பீடை, இது இந்த வீட்டுப் பிள்ளை இல்லை போலிருக்கிறது என்று விலகிப் போகும் என்று நம்பிக்கை. அஞ்சாம் வயதில் குலசாமி கோயிலில் காது குத்தித் தவிட்டைத் திருப்பிக் கொடுக்கும் வரை, பெற்றவள் தன் வாயால் "எம் பிள்ளை" என்று சொல்லக் கூடாது. சொன்னால் பிள்ளை தங்காது.

வாங்குகிறவள் பெற்றதெல்லாம் உயிரோடு இருக்கிறவளாக இருக்க வேண்டும். எங்கள் மாட்டுத் தொழுவத்தைக் கூட்ட வருகிற கீழத்தெருக்காரிக்கு அஞ்சு பிள்ளை, அஞ்சும் இருந்தது. மூன்றாம் நாள் காலையில் தொழுவ வாசலில் பிள்ளையை முறத்தில் கிடத்தினோம். அவள் மடியில் கம்பந்தவிடு கொண்டு வந்தாள். முந்தின நாள் எங்கள் வீட்டுக் கம்பை இடித்துக் கொடுத்துவிட்டு அவள் கொண்டு போன தவிடுதான் அது.

"பிள்ளையக் குடுத்தியா?"

"குடுத்தேன்."

"தவிட்டை வாங்கிக்கிட்டியா?"

"வாங்கிக்கிட்டேன்."

"அப்ப இது யாரு பிள்ளை?"

"ஒம் பிள்ளை."

சடங்கு முடிந்ததும் அவள் சிரித்தாள். "பாத்துக்கங்க தாயி. ஒழுங்கா வளக்கலைன்னா எம் பிள்ளையத் தூக்கிட்டுப் போயிருவேன்." எல்லோரும் சிரித்தோம். என் வீட்டுக்காரரும் சிரித்தார்.

அன்றிலிருந்து நான் வாயைக் கட்டிவிட்டேன். பிள்ளை அழுதால் "கீழத்தெருக்காரி பிள்ளை அழுகுது" என்றுதான் சொல்வேன். பால் கொடுக்கும்போது மனசுக்குள் கூடச் சொல்ல மாட்டேன்.

பிள்ளைக்கு எட்டு மாசம் இருக்கும்போது எங்கள் ஊருக்கு அந்தத் திட்டம் வந்தது. தாய்மாருக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் சத்து கொடுக்கிற சர்க்கார் திட்டம். அதற்கு வேலைக்கு வந்தது ஒரு சின்ன வயசுப் பெண். மதுரை சிம்மக்கல்லில் பிறந்து பக்கத்து ஊரில் வாக்கப்பட்டவள். டவுன்காரி, சேலையை ஊசி குத்திக் கட்டுவாள். நாங்கள் டீச்சர் என்று கூப்பிடுவோம். கையில் ஒரு நீள நோட்டு. வீடு வீடாக ஏறி, இந்த வீட்டில் பொம்பளைகள் எத்தனை, கர்ப்பிணி யார், பால் கொடுக்கிறவள் யார், மூன்று வயசுக்குக் கீழே பிள்ளை எத்தனை, உயிரோடு எத்தனை, செத்தது எத்தனை என்று எழுதினாள். செத்தது எத்தனை என்று ஒரு பெண்ணிடம் வாசலில் நின்று கேட்கிறவளை எப்படி நம்புவது?

அவள் என் வீட்டுக்கு வந்தபோது பிள்ளை என் இடுப்பில்.

"எத்தனை பிள்ளைங்கக்கா?"

"பிள்ளை இல்லம்மா."

பிள்ளையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "அப்ப இது?"

"இது கீழத்தெருக்காரி பிள்ளை."

"பால் யார் குடுக்கிறா?"

"நாந்தான் வளக்கிறேன்."

"நீங்க பெத்தது இல்லையா?"

"இல்லைன்னு சொல்றேன்ல."

நாலு விதமாகக் கேட்டாள். நாலுக்கும் அதே பதில். அவள் கேட்கக் கேட்க எனக்குச் சந்தேகம் கூடியது. யார் பெற்றால் இவளுக்கு என்ன? அவள் நேரே கீழத்தெருவுக்குப் போய், "மேலத்தெருவுல வளர்ற பிள்ளை ஒங்க பிள்ளையா?" என்று கேட்டிருக்கிறாள். அவளும் "ஆமா, எம் பிள்ளைதான்" என்றாளாம். வேறு என்ன சொல்வாள்? இல்லை என்று சொன்னால் சடங்கு முறிந்து போகுமே. ஆக நோட்டில் அவளுக்குப் பிள்ளை ஆறு. எனக்கு ஒன்றும் இல்லை.

இது எனக்கு அப்போது தெரியாது. எங்கள் கவலையெல்லாம் அந்த நோட்டு எதற்கு என்பதுதான். அதற்குச் சில வருஷம் முன்னால் ஜீப்பில் வந்து ஆள் பிடித்துப் போய்க் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்ததாகப் பக்கத்து ஊர்களில் பேசிக்கொண்டதை நாங்கள் மறக்கவில்லை. என் ஓரகத்தி, அதாவது என் வீட்டுக்காரருடைய அண்ணன் பெண்சாதி, எங்களுக்கு ஒட்டின வீடு. அவள் சொன்னாள், "மொதல்ல எண்ணுவாய்ங்க. அப்புறம் எடை போடுவாய்ங்க. அதுக்கு அப்புறம் என்ன செய்வாய்ங்கன்னு கறிக்கடைக்காரன்ட்டக் கேளு."

எடை போடத்தான் செய்தார்கள். சாவடிக்குப் பக்கத்து அறையில் விட்டத்தில் ஒரு கொக்கித் தராசைத் தொங்கவிட்டார்கள். மிளகாய் வத்தல் மூட்டை நிறுக்கிற தராசு மாதிரி. அதில் ஒரு துணித் தூளி. மாசம் ஒரு தடவை பிள்ளைகளைத் தூளியில் போட்டு நிறுத்து, ஆளுக்கொரு அட்டையில் புள்ளி வைத்துக் கோடு இழுப்பாள் டீச்சர். எங்கள் வீடுகளில் நிறுப்பது எதை? பருத்தியை, வத்தலை. நிறுத்ததெல்லாம் வீட்டை விட்டுப் போகிற சரக்கு. பிள்ளையை நிறுக்க எந்தத் தாய்க்கு மனசு வரும்? கண்ணேறு வேறு. எம்புட்டு எடை என்று ஊர் முன்னால் சொல்லிவிட்டால் அப்புறம் அது இறங்காமல் என்ன செய்யும்?

இன்னொன்றும் எங்களுக்கு விளங்கவில்லை. எடை ஏறாத பிள்ளைக்குத்தான் சத்துருண்டை. மாவும் வெல்லமும் போட்டுப் பிடித்தது, தினமும் அங்கேயே வைத்துத் தின்னக் கொடுப்பார்கள். பிள்ளை தேறிவிட்டால் நிறுத்திவிடுவார்கள்.

"மெலிஞ்சா குடுப்பாளாம், தேறினா நிப்பாட்டுவாளாம். இது என்னடி ஞாயம்?" என்றாள் ஓரகத்தி. "நல்லது செய்றவன் தேறின பெறகு எதுக்கு நிப்பாட்டுறான்? உருண்டைக்குள்ள என்னமோ இருக்கு. இப்பத் தின்ன பிள்ளைக்கு நாளைக்கு வாரிசு இருக்காது, பாரு."

மேலத்தெருவிலிருந்து ஒரு பிள்ளை போகவில்லை. கீழத்தெரு முதலில் தயங்கியது, பிறகு போனது. ஒரு நாள் தொழுவத்தில் அவளிடமே கேட்டேன், "ஒங்களுக்குப் பயமா இல்லையா?"

"பயமாத்தான் இருக்கு தாயி. ஆனா பிள்ளைக்குப் பசிக்குதே. ஒங்க வீட்டுல பசிக்கல, அதனால ஒக்காந்து யோசிக்கிறீக."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. வாய் கூடிப் போச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

என் வீட்டில் பசி இல்லை என்பது உண்மைதான். குலுக்கையில் சோளம் இருந்தது, கறவை மாடு இருந்தது. ஆனாலும் பிள்ளைக்கு ஒரு வருஷம் திரும்பியபோது அவன் தேயத் தொடங்கினான். தொடையில் சதை தொங்கியது. சீக்கிரம் சோறு ஊட்டினால் மாந்தம் கட்டும் என்பார்கள். அதனால் என் பாலையும் கொஞ்சம் பழைய சோற்று நீத்தண்ணியையும் தவிர வேறு எதுவும் நான் கொடுக்கவில்லை. இன்றைக்கு இது விளங்குகிறது. அன்றைக்கு விளங்கினதெல்லாம் கண்ணேறு என்றுதான். திருப்பரங்குன்றத்து விபூதி பூசினேன். கறுப்புக் கயிறு கட்டினேன். கோடாங்கியிடம் குறி கேட்டேன். செவ்வாய்க்கிழமை தவறாமல் விளக்குப் போட்டேன். பிள்ளை தேய்ந்துகொண்டேதான் இருந்தான்.

அது பருத்தி எடுக்கிற காலம். காலையில் நான் காட்டுக்குக் கஞ்சி கொண்டு போய்விட்டு உச்சிக்குத் திரும்புவேன். அதுவரைக்கும் பிள்ளை தொழுவத்தில் அவளிடம் இருப்பான். பேச்சுக்கு அவள் பிள்ளைதானே என்று யாரும் எதுவும் சொல்லவில்லை.

ஒரு நாள் உச்சிப் பொழுதில் திரும்பி வந்து பிள்ளையைத் தூக்கினேன். வாயில் வெல்ல வாசம். அரைஞாண் கயிற்றில் மாவுத் துணுக்கு ஒட்டியிருந்தது. மறுநாளும் அதே வாசம். இன்னொன்றும் கவனித்தேன். அவள் தொழுவத்துக்குள் வரும் சத்தம் கேட்டாலே பிள்ளை என் இடுப்பிலிருந்து துள்ளினான். என்னைத் தள்ளிவிட்டு அவளிடம் தாவினான்.

"பிள்ளைக்கு என்னமும் குடுத்தியா?" என்று கேட்டேன்.

அவள் தலையைக் குனிந்துகொண்டு சாணியை அள்ளினாள். "இல்ல தாயி."

பொய் என்று தெரிந்தது. எதற்குப் பொய் சொல்ல வேண்டும்?

ஓரகத்தியிடம் போய்ச் சொன்னேன். அவள் கண்ணை உருட்டினாள். "வெல்ல வாசமா? இடுமருந்து வச்சிட்டாடி. கசக்கிற மருந்தை வெல்லத்துல வைக்காம வேற எதுல வைப்பாய்ங்க? அவகிட்டத் தாவுது, ஒன்னைத் தள்ளுது, ஒடம்பு தேயுது. இதுக்கு மேல ஒனக்கு என்ன அடையாளம் வேணும்?"

இடுமருந்து என்றால் எங்கள் பக்கத்தில் தெரியாதவர் கிடையாது. சோற்றில் எதையோ வைத்து ஒருவர் மனசைத் தன் பக்கம் இழுப்பது. நான் அப்படியே நம்பினேன். பிள்ளை தேயத் தொடங்கியது முதலில், வெல்ல வாசம் வந்தது பிறகு. அந்தக் கணக்குக் கூட எனக்கு உறைக்கவில்லை.

அந்த வாரமே என் வீட்டுக்காரர் முகம் கறுத்து வந்தார். மேலதிகாரி ஒருவர் வந்து சாவடியில் உட்கார்ந்து நோட்டை வாசிக்கச் சொல்லியிருக்கிறார். எந்தத் தெருவிலிருந்து எத்தனை தாய்மார் வருகிறார்கள், எத்தனை பிள்ளை வருகிறது என்று விசாரணை. மேலத்தெரு, ஒருத்தரும் இல்லை. கீழத்தெரு, வீடு வீடாக. அதில் அவள் வீட்டுக்கு ஆறு பிள்ளை என்று டீச்சர் வாசித்ததைத் திண்ணையடியில் நின்ற என் வீட்டுக்காரர் காதால் கேட்டுவிட்டார். ஆறாவது, எங்கள் பிள்ளையின் பேர்.

"சர்க்கார் ரிஜிஸ்டர்ல தகப்பன்னு அவ புருஷன் பேரு எழுதியிருக்கு. தெரியுமா ஒனக்கு?"

"நாந்தான் அவ பிள்ளைன்னு சொன்னேன். சடங்குக்கு…"

"வாயால விக்கிறது சாமிக்கு. மையால எழுதுறது சர்க்காருக்கு. ரெண்டும் ஒண்ணாடி? நாளைக்குக் காடு யாருக்குன்னு கேட்டு ஒருத்தன் கோர்ட்டுல அந்த நோட்டை விரிச்சா என்ன செய்வ?"

அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, கோர்ட்டு எந்தத் திசை என்று கூடத் தெரியாது. அது எங்கள் இரண்டு பேர் புத்தியிலும் ஏறவில்லை. தூக்கிட்டுப் போயிருவேன் என்று அவள் அன்றைக்குச் சிரித்தது இப்போது வேறு மாதிரி கேட்டது. மருந்து வைத்து மனசை இழுத்துவிட்டாள், ரிஜிஸ்டரில் பேரை ஏற்றிவிட்டாள், பிள்ளை பங்கு உருண்டையையும் வாங்கித் தன் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறாள். எல்லாம் எனக்குப் பளிச்சென்று பொருந்தியது.

மறுநாள் கஞ்சிப் பானையோடு கிளம்புகிற மாதிரி கிளம்பி, பாதி வழியில் திரும்பினேன். தொழுவத்தில் அவளும் இல்லை, பிள்ளையும் இல்லை. நேரே சாவடிக்கு ஓடினேன்.

கீழத்தெருப் பெண்கள் பத்துப் பேர் இருக்கும், வரிசையில் நின்றார்கள். விட்டத்தில் தராசு. தராசில் தூளி. தூளிக்குள் என் பிள்ளை, கால் இரண்டும் வெளியே தொங்க. அவள் கீழே கையை ஏந்திக்கொண்டு நின்றாள்.

"எறக்குடி எம் பிள்ளைய!"

சொல்லிவிட்டேன். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை, நிற்கவில்லை. "எம் பிள்ளைக்கு மருந்து வச்சவளே, எம் பிள்ளை பேரைச் சொல்லி உருண்டை வாங்கித் தின்ன திருடி, எம் பிள்ளைய வச்சு எங்க காட்டையும் புடிக்கப் பாக்கிறியா?" சாவடி முழுக்கக் கேட்டது. தெருவில் போனவர்கள் நின்றுவிட்டார்கள்.

யாரும் என்னைத் திட்டவில்லை. எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். அவள் பிள்ளையைத் தூளியிலிருந்து எடுத்து என் கையில் கொடுத்தாள்.

"சொல்லிட்டீகளே தாயி" என்றாள். "நாலு வாட்டி சொல்லிட்டீகளே."

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

டீச்சர் ஓடி வந்து ஒரு அட்டையைக் காட்டினாள். "இங்க பாருங்கக்கா. ரெண்டு மாசமாக் கோடு கீழ இறங்கிக்கிட்டு இருந்துச்சு. போன மாசம் உருண்டை குடுக்க ஆரம்பிச்சோம். இப்பப் பாருங்க, நிமிருது. அந்தம்மா தூக்கிட்டு வராட்டி எனக்கே தெரிஞ்சிருக்காது. பிள்ளைக்கு உள்ளதைப் பிள்ளைக்குத்தான் ஊட்டுறாங்க, நான் கண்ணால பாக்குறேன்."

"தகப்பன் பேரை மாத்தி எழுதினது யாரு?"

"நீங்க சொன்னதைத்தான் எழுதினேன். நாலு தரம் கேட்டேன்ல."

அட்டையில் கோடு நிமிர்ந்துதான் இருந்தது. எனக்குப் படிக்கத் தெரியும். ஆனாலும் நம்பவில்லை. கோடு போடுகிறவள் எப்படி வேண்டுமானாலும் போடலாம் அல்லவா? பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அவளை இனிமேல் தொழுவத்துக்கு வரக் கூடாது என்று சொல்லி அனுப்பிவிட்டார் என் வீட்டுக்காரர்.

ஒரு வாரம் நான் சாமி அறையே கதி என்று கிடந்தேன். சொன்ன சொல்லைத் திரும்ப அள்ள முடியுமா? சீலைக்காரியம்மனுக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்தேன். எட்டாம் நாள் பிள்ளைக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது.

என் வாய்தான் பிள்ளையைக் கொல்லப் போகிறது என்று நினைத்தேன். வேறு நினைப்பே வரவில்லை. முதல் நாள் பாலைக் குறைத்தேன். இரண்டாம் நாள் அதையும் நிறுத்தினேன். தண்ணீர் காட்டவில்லை. ஆமாம், அந்தப் பெண் பிள்ளைக்குச் செய்த அதே காரியத்தைத்தான் இவனுக்கும் செய்தேன். அது தப்பு என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லக்கூடிய டீச்சரை நான் நம்பவில்லை. உச்சிப் பொழுதில் பிள்ளைக்குக் கண் உள்ளே போய்விட்டது. அழுதான், கண்ணீர் வரவில்லை. என் வீட்டுக்காரர் கோடாங்கியைக் கூட்டி வரப் பக்கத்து ஊருக்குப் போயிருந்தார்.

தொழுவ வாசலில் நிழலாடியது. அவள்.

"எதுக்குடி வந்த?" என்றேன்.

"எம் பிள்ளைக்குத் தண்ணி குடுக்க வந்தேன்."

"ஒம் பிள்ளையா? அதான் நான் சொல்லிட்டேனே. எல்லாம் முடிஞ்சு போச்சே."

"என்னத்த முடிஞ்சு போச்சு?" குரல் உயர்ந்தது. அவள் என்னிடம் அப்படிப் பேசியதே கிடையாது. "தவிட்டைத் திருப்பிக் குடுத்தியா நீ? குடுக்கலைல? வாங்கின பொருளுக்கு வெலை திரும்பாம, வித்தவ நின்னு எம் பொருள்னு கத்தினா ஆயிருமா? நீ கத்தினது வெறும் கத்தல். இது இன்னமும் எம் பிள்ளைதான். எம் பிள்ளைய நீ பட்டினி போடுற. தள்ளு."

ஒரு வாரமாக எந்தச் சாமியும் எனக்குக் கொடுக்காத பதிலை அவள் வாசலில் நின்று கொடுத்துவிட்டாள். வித்தது வித்ததுதான். என் சொல்லுக்கு வலு இல்லை. பிள்ளை அவள் பிள்ளை.

டீச்சர் சொல்லிக் கொடுத்ததாம். ஒரு சொம்பு காய்ச்சி ஆறின தண்ணீரில் ஒரு கை சீனி, மூணு விரலில் கிள்ளின உப்பு. கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், பாலையும் நிறுத்தக் கூடாது. எங்கள் வீட்டுத் தண்ணீர், எங்கள் வீட்டுச் சொம்பு, எங்கள் வீட்டுச் சீனி. கை மட்டும் அவளுடையது. அதற்கும் யோசித்தேன். பிள்ளை கண் செருகிக் கிடக்கும்போது, கீழத்தெருக்காரி கலக்கின தண்ணீர் ஆயிற்றே என்றும் யோசித்தேன், அதில் மருந்து இருக்குமோ என்றும் யோசித்தேன்.

"மொதல்ல நீ குடி" என்றேன்.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். கையில் கொஞ்சம் ஊற்றிக் குடித்துக் காட்டினாள். பிறகு தொழுவ வாசலிலேயே உட்கார்ந்து பிள்ளையை மடியில் போட்டு, சங்கு சங்காகப் புகட்டத் தொடங்கினாள். கக்கினான். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் புகட்டினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கந்த சஷ்டியைச் சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லிக்கொண்டே அவள் கையைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். என் சந்தேகம் அப்படி.

வெயில் தாழ்ந்தபோது பிள்ளை ஒன்றுக்குப் போனான். அவள் மடி நனைந்தது. "போயிட்டான் தாயி, போயிட்டான்!" என்று சிரித்தாள். ஒன்றுக்குப் போனால் உடம்பில் தண்ணீர் பிடித்துவிட்டது என்று அர்த்தமாம்.

என் வீட்டுக்காரர் கோடாங்கியோடு வந்து நின்றார். அவளைப் பார்த்தார், சங்கைப் பார்த்தார், பிள்ளை கண் திறந்திருந்ததைப் பார்த்தார். கோடாங்கியைத் திரும்பிப் பார்த்து, "பொழுது சாஞ்சிருச்சுண்ணே, நீங்க இன்னொரு நாளைக்கு வாங்க" என்றார்.

பிள்ளை தேறினான். மறுமாசம் நானே தூக்கிக்கொண்டு போய்த் தூளியில் வைத்தேன். மேலத்தெருவிலிருந்து போன முதல் ஆள் நான்தான். அடுத்த மாசம் இரண்டு பேர் வந்தார்கள். ஓரகத்தி கடைசிவரை வரவில்லை. டீச்சர், "இப்பவாவது ஒங்க பேருல மாத்தி எழுதவா?" என்று கேட்டாள். காது குத்துகிற வரைக்கும் வேண்டாம் என்றேன். என் வீட்டுக்காரருக்கு மட்டும் மனசு ஆறவில்லை. இந்த நோட்டுக்கும் காட்டுக்கும் சம்பந்தம் இல்லை என்று எழுதித் தரச் சொல்லி டீச்சரிடம் நின்றார். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தாள். அதை மடித்துப் பெட்டியில் பத்திரத்தோடு வைத்தார்.

ஆக அந்த வருஷங்களில் எங்கள் ஊர்க் கணக்கில் கீழத்தெருவில் ஒரு பிள்ளை கூடுதல், மேலத்தெருவில் ஒன்று குறைச்சல். மேலே உட்கார்ந்து கூட்டிப் பார்த்தவர்களுக்கு அது தெரிந்திருக்காது. இந்த மாதிரி எத்தனை ஊரில் எத்தனை பேர் மாற்றிச் சொன்னார்களோ. சர்க்கார் கணக்கு என்று யாராவது வாசித்தால் எனக்கு இன்றைக்கும் முழு நம்பிக்கை வருவதில்லை, சொல்கிறவள் என்னைப் போல ஒருத்தியாகத்தானே இருப்பாள்.

அது போகட்டும். என்னை உறுத்துவது அது இல்லை. சாவடியில் நான் கத்தினது ஊர் முழுக்கக் கேட்டது. தொழுவ வாசலில் நடந்ததை எங்கள் மூன்று பேரையும் அந்த வெளியூர்க் கோடாங்கியையும் தவிர யாரும் பார்க்கவில்லை. அவளை மறுபடி வேலைக்குக் கூப்பிட்டேன், வந்தாள். ஆனால் நான் சொன்னது பொய் என்று ஊர் முன்னால் ஒரு நாளும் சொல்லவில்லை. சொல்லத்தான் நினைத்தேன். கௌரவம் விடவில்லை. மருந்து வைக்கிறவள் என்று மேலத்தெருவில் வேறு யாரும் அவளைப் பிள்ளையைத் தொடவிடவில்லை. அதுவரை பிரசவ வீடுகளில் கூடமாட இருக்க அவளைக் கூப்பிட்டு வந்தார்கள், அதுவும் நின்றது. இரண்டு வருஷத்தில் குடும்பத்தோடு நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் கட்டட வேலைக்குப் போய்விட்டார்கள். காது குத்துக்குச் சொல்லி அனுப்பினேன். வந்தாள். முறத்தில் ஒரு படி தவிட்டைத் திருப்பிக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டாள். பந்தியில் ஊரே உட்கார்ந்திருந்தது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

போன வருஷம் அவள் இறந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். போன வாரம் ஒரு விசேஷ வீட்டில் ஓரகத்தியின் மருமகள் புதுசாக வந்த பெண்களிடம் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு கீழத்தெருக்காரி உருண்டையில் மருந்து வைத்துப் பிள்ளையைக் கொல்லப் பார்த்தாளாம், தாய் ஓடிப் போய்க் காப்பாற்றினாளாம். அந்தத் தாய் நான். அங்கேயும் அது பொய் என்று சொல்லாமல் எழுந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்தேன்.

இதை வாசிக்கிறவர்களிடம் கை கூப்பிக் கேட்கிறேன். நாலு பேருக்கு இதைச் சொல்லுங்கள். சொல்லும்போது என் மேல் இரக்கப்பட்டு எதையும் குறைக்காதீர்கள். திருடி என்றேன், மருந்து வைத்தவள் என்றேன், பிள்ளை சாகக் கிடக்கும்போது முதலில் நீ குடி என்றேன். அந்த வார்த்தைகளை அப்படியே சொல்லுங்கள். அவளைத் தெய்வமாக்கவும் வேண்டாம். ஒரு தடவை என்னிடம் இல்ல தாயி என்று அவள் பொய் சொன்னாள், அதையும் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, அவள் ஏன் பொய் சொல்ல வேண்டி வந்தது என்பதையும் சொல்லுங்கள். உண்மையைச் சொல்லியிருந்தால் நான் பிள்ளையை விட்டிருக்க மாட்டேன்.